களத்தில் கற்ற ஆசிரியர்கள்

இன்று நாம் உடற்கல்வி ஆசிரியர் என்று மதிப்போடு அழைக்கின்றவரை நம் பாட்டனார் காலத்துப் பிள்ளைகள் 'டிரில் மாஸ்டர்' என்றே அழைத்தனர். பெரும்பாலும் அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஹவில்தாராகவோ நாயக்காகவோ இருப்பார். முறுக்கிய மீசையும், மடிப்புக் கலையாத காக்கி உடையும், கையில் ஒரு பிரம்பும் அவருக்குரிய அடையாளங்கள். 'அட்டென்ஷன்' என்று அவர் கூவினால் வேப்பமரத்துக் காக்கைகள் கூடப் பறந்துவிடும் என்று என் ஆசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவருக்குக் கட்டளைகள் தெரியும்; வரிசை தெரியும்; ஒழுங்கு தெரியும். ஆயின், முப்பது வயதுச் சிப்பாய்க்கு உகந்த பயிற்சி ஒன்பது வயதுப் பாலகனுக்கு உகந்ததா என்பது அவருக்குத் தெரியாது. அதற்கு அவரைக் குறை கூறுதல் நேர்மையன்று. குழந்தையின் உடல் எவ்வாறு வளர்கிறது, அதற்கு எதனை எப்போது கற்பிக்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊதியத்திலும் மதிப்பிலும் அவர் மற்ற ஆசிரியருக்குப் பல படி தாழ்ந்தே இருந்தார். ஆசிரியர் அறையில் அவருக்கென ஒரு நாற்காலி இல்லாத பள்ளிகளும் இருந்தன என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த டிரில் மாஸ்டர் எவ்வாறு ஆசிரியரானார்? நூல்கள் வந்தன, கல்லூரிகள் எழுந்தன, பட்டங்கள் ஏற்பட்டன என்று விடை கூறலாம். அவை யாவும் உண்மையே. எனினும், என் கருத்தில் அவரை ஆசிரியராக்கியது வேறொன்று. மாணவனாக இருக்கும் காலத்திலேயே, பின்னாளில் தான் எங்கே பணி செய்யப் போகிறானோ அந்தக் களத்திற்கே அவனை அனுப்பி, அனுபவம் முதிர்ந்த ஒருவரின் கண்ணெதிரே கற்பிக்கச் செய்த வழக்கமே அது. களப்பயிற்சி என்று இன்று அதனைச் சொல்கிறோம். அதன் வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. நமது சென்னைக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

முதலில் ஸ்வீடன் தேசத்துக்குச் செல்வோம். பேர் ஹென்ரிக் லிங் என்பவர் வாள்வித்தை ஆசிரியர், கவிஞருங்கூட. அவர் 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் அரசின் ஆதரவோடு ஒரு மத்திய உடற்பயிற்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். இன்று நமக்கு வியப்பளிப்பது அக்கழகத்தின் நோக்கமாகும். உடற்பயிற்சி கற்றவன் எங்கே போய்ப் பிழைப்பான் என்ற கேள்விக்கு அது ஒரே விடையைச் சொல்லவில்லை. படைக்குப் பயிற்சி தருவோர், பள்ளிக்குக் கற்பிப்போர், உடற்பயிற்சியைக் கொண்டு நோய் தீர்ப்போர் என மூவகைத் தொழிலுக்கும் அங்கே ஆட்கள் உருவாயினர். 1864-ஆம் ஆண்டின் விதிகள் இம்மூன்றையும் தனித்தனிப் பிரிவுகளாகவே வகுத்துவிட்டன. மருத்துவப் பிரிவில் பயின்றவர் தசையின் பெயரை ஏட்டில் மட்டும் படித்துத் தேறிவிட முடியாது. கழகத்தை நாடி வந்த நோயாளிகளின் கைகால்களைப் பிடித்துப் பழகியே தேற வேண்டும்.

அக்கழகத்தில் பயின்ற பெண்மணி ஒருவர், மார்ட்டினா பெர்க்மன் என்பார், 1881-இல் லண்டன் பள்ளிக் குழுவின் கீழ் உடற்பயிற்சிக் கண்காணிப்பாளரானார். திருமணத்திற்குப் பின் பெர்க்மன் ஆஸ்டர்பர்க் என்று பெயர் பெற்ற அவ்வம்மையார், 1885-இல் ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் பெண்களுக்கென்றே ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1895-இல் அதனை டார்ட்ஃபோர்டுக்கு மாற்றினார். மாதர் ஓடுவதும் குதிப்பதும் நாகரிகமன்று என்று பெரிய மனிதர் பலர் முகஞ்சுளித்த காலம் அது. அவர் தம் மாணவியரைக் கல்லூரி மதிலுக்குள் வைத்துக் கொள்ளவில்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குச் சென்று ஏழைக் குழந்தைகளுக்கும் கற்பித்து வரச் செய்தார். அம்மாணவியர் பின்னர்ப் பெண்கள் பள்ளிகளில் ஊதியம் பெறும் ஆசிரியைகளாயினர். பெண்ணொருத்தி தன் காலில் நிற்பதற்கு இத்தொழில் ஒரு வழியாயிற்று என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல எனக்கு மனமில்லை.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். இவ்விடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனெனில், இன்று நம் கிராமத்துப் பள்ளி வரை வந்துவிட்ட இரண்டு விளையாட்டுகள், இளம் ஆசிரியர் இருவர் தம் வகுப்பை எதிர்கொள்ள முடியாமல் தவித்த தவிப்பிலே பிறந்தவை.

மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் கிறித்தவ இளைஞர் சங்கத்தார் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். அதன் உடற்பயிற்சித் துறைக்குத் தலைவர் லூதர் கூலிக். 1891-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அங்கே ஒரு வகுப்பு எவருக்கும் அடங்காமல் இருந்தது. பதினெட்டுப் பேர், யாவரும் வளர்ந்த ஆண்கள், சங்கத்தின் செயலாளர்களாகப் பயிற்சி பெற வந்தவர்கள். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே நாள்தோறும் அதே உடற்பயிற்சி. அவர்கள் சலித்துப் போயினர். இரண்டு ஆசிரியர்கள் முயன்று தோற்றனர். கூலிக் அவ்வகுப்பை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற முப்பது வயது இளைஞரிடம் ஒப்படைத்தார். கனடாவில் பிறந்த நெய்ஸ்மித், முந்திய ஆண்டில்தான் அப்பள்ளிக்கே மாணவராக வந்தவர். புதியதொரு விளையாட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் பதினான்கு நாட்கள்.

நெய்ஸ்மித் முதலில் செய்தது நாம் யாவரும் செய்யக்கூடியதே. வெளியே ஆடும் ஆட்டங்களைச் சற்றே மாற்றி உள்ளே ஆடவிட்டார். கால்பந்தை உள்ளே ஆடினால் சன்னல்களுக்கு ஆபத்து. ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளும் ஆட்டத்தை மரத்தளத்தில் ஆடினால் எலும்புக்கு ஆபத்து. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தோற்றன, கெடுவும் நெருங்கிற்று. அதன் பிறகே அவர் ஏட்டை மூடிவிட்டு எதிரே நிற்கும் ஆட்களைப் பார்த்துச் சிந்திக்கலானார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதால் அன்றோ பிறர் அவனைப் பிடித்துத் தள்ள நேர்கிறது? ஓடக் கூடாது என்று விதித்துவிட்டால்? இலக்கு நேரே இருப்பதால் அன்றோ பந்தை வலிமையோடு எறிகின்றனர்? இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்திவிட்டால்? இவ்வாறு எண்ணிப் பதின்மூன்று விதிகளை எழுதினார். பீச் பழக்கூடைகள் இரண்டு கிடைத்தன. அவற்றை மாடத்தின் கைப்பிடியில் அறைந்தனர். அக்கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. கூடைப்பந்தின் வளையம் இன்றும் பத்தடி உயரத்தில் இருப்பதற்கு அதுவே காரணம். டிசம்பர் 21 அன்று பக்கத்துக்கு ஒன்பது பேராக முதல் ஆட்டம் நடந்தது. அவ்விளையாட்டுக்குக் கூடைப்பந்து என்ற பெயரைச் சூட்டியவர், முன்பு முரண்டு பிடித்தோருக்குத் தலைமை தாங்கிய மாணவருள் ஒருவரே.

இவ்வரலாற்றைச் சொல்வோர் நெய்ஸ்மித்தைப் புகழ்வர். எனக்கோ கூலிக் மீது தனியானதொரு மதிப்பு உண்டு. அவர் மூத்தவர்; துறைத் தலைவர். அவ்வகுப்பைத் தாமே சென்று அடக்கியிருக்கலாம். அன்றி, இதைச் செய், அதைச் செய் என்று இளையவருக்குக் கட்டளை இட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. உண்மையான ஒரு வகுப்பை, உண்மையான ஓர் இடர்ப்பாட்டோடு ஒப்படைத்துவிட்டு, கெடுவையும் விதித்துவிட்டு விலகி நின்றார். வேண்டும்போது அணுகக்கூடிய தூரத்தில் இருந்தார். களப்பயிற்சியில் வழிகாட்டி ஆசிரியரின் கடமை யாது என்று என்னைக் கேட்போருக்கு நான் இதனையே எடுத்துச் சொல்வது வழக்கம்.

அதே பள்ளியில் பயின்ற வில்லியம் மார்கன் என்பவர், 1895-இல் அருகிலுள்ள ஹோலியோக் நகரத்துச் சங்கத்தில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்தார். அவரிடம் வந்தோர் நடுவயது வணிகர்கள். கூடைப்பந்து அவர்களுக்கு மூச்சு வாங்கிற்று. ஆகவே மார்கன் டென்னிஸ் வலையை ஆறடி ஆறங்குல உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, இரு புறமும் நின்று பந்தைத் தட்டச் செய்தார். கூடைப்பந்தோ கனமாக இருந்தது. அதன் உட்பையோ மிக இலேசாக இருந்தது. புதுப்பந்து ஒன்றைச் செய்து தருமாறு ஸ்பால்டிங் நிறுவனத்தாரைக் கேட்டுப் பெற்றார். மறு ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் இதனை ஆடிக் காட்டியபோது, அதுவரை மின்டனெட் என்றிருந்த பெயர் மாறி வாலிபால் ஆயிற்று. நம் கைப்பந்து அதுவே. பதினெட்டு இளைஞருக்குக் கூடைப்பந்து. வயிறு சற்றுப் பெருத்த வணிகருக்குக் கைப்பந்து. ஆளைப் பார்த்து ஆட்டத்தை அமைக்கும் இத்திறன் எந்த விரிவுரையிலும் கிடைக்காது.

இந்த ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்துதான் நமது சென்னைக்கு ஒருவர் வந்தார். ஆயின், அவரைப் பற்றிப் பேசுமுன் நமக்குரிய ஒரு பெருமையையும் நினைவுகூர வேண்டும். கற்றுக் கொண்டிருப்பவனே கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் பழங்காலத்திலிருந்தே இருந்து வந்த முறை. சட்டாம்பிள்ளை என்ற சொல்லை அறியாதார் யார்? 1789-இல் எழும்பூரில் இராணுவத்து அனாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் விடுதியிலும் புகுத்தி, மூத்த சிறுவரைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலின் வாயிலாக அது 'மதராஸ் முறை' என்று மேனாட்டிலும் பரவியது. கற்பித்தே கற்பிக்கக் கற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1919-இல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டிலேயே, 1920-இல், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் உடற்பயிற்சி ஆசிரியருக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்தகையவற்றுள் முதலாவது என்று அது போற்றப்படுகிறது. சிறு அளவில் தொடங்கிய அப்பள்ளி பின்னர்ச் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் விரிந்த மைதானங்களோடு கல்லூரியாக வளர்ந்தது. பல மாகாணங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்து பயின்றனர்.

பக் துரை வந்தபோது நம் பள்ளிகளில் ஆட்சி செய்தவர் நான் தொடக்கத்தில் சொன்ன டிரில் மாஸ்டரே. அவருக்குப் பதிலாக, உடற்கூறும் உளநூலும் அறிந்தவரும், நூறு சிறுவரை ஒரே நேரத்தில் விளையாட வைக்கக்கூடியவருமான ஆசிரியரை அனுப்ப வேண்டும் என்று பக் விரும்பினார். மேனாட்டு ஆட்டங்களோடு சடுகுடு முதலிய நம் நாட்டு ஆட்டங்களுக்கும், தண்டால், பஸ்கி முதலிய பயிற்சிகளுக்கும் இடமளித்தார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. ஒரு தேசத்தின் தேர்ந்த வீரர்களை நடத்திச் சென்ற அதே மனிதர், சைதாப்பேட்டையில் ஐந்தாம் வகுப்புச் சிறுவர்களுக்கு எப்படி வட்டத்தில் நின்று பந்தெறியக் கற்பிப்பது என்பதைப் பற்றியும் கவலைப்பட்டார். 1943-இல் காலமாகும் வரை சென்னையே அவர் களமாக இருந்தது.

சைதாப்பேட்டையில் மற்றொரு வசதியும் இருந்தது. அங்கே பழமையான அரசினர் ஆசிரியர் கல்லூரியும் அதனைச் சார்ந்த மாதிரிப் பள்ளியும் இருந்தன. பாடக்குறிப்பு எழுதுதல், மாதிரிப் பாடம் காணுதல், விமரிசனப் பாடம் நடத்துதல் என்ற முறைகள் மற்ற ஆசிரியருக்கு ஏற்கெனவே வழக்கில் இருந்தன. உடற்பயிற்சி ஆசிரியரும் அம்முறைக்கு உட்பட்டபோது, அவரும் பாடம் நடத்துகிறவரே என்ற எண்ணம் மெல்ல வேரூன்றிற்று. விசில் ஊதுகிறவனுக்குப் பாடக்குறிப்பு எதற்கு என்று கேலி செய்தோரும் இருந்திருப்பர். நாற்காலி கிடைத்தது அந்தப் பாடக்குறிப்பால்தான் என்பது என் எண்ணம்.

பிற்கால வளர்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். 1938-இல் பம்பாய் அருகே காந்திவிலியில் பயிற்சிக் கழகம் ஏற்பட்டது. 1956-இல் காரைக்குடியில் அழகப்பர் பெயரால் ஓர் உடற்கல்விக் கல்லூரி எழுந்தது. 1957-இல், முதல் விடுதலைப் போரின் நூற்றாண்டில், ஜான்சி ராணியின் பெயரால் குவாலியரில் ஒரு தேசியக் கல்லூரி தோன்றியது. 1961-இல் பட்டியாலாவில் மன்னரின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டுக் கழகம் அமைந்தது. இக்கடைசி நிகழ்ச்சியே என் பொருளுக்கு முக்கியமானது. பள்ளி ஆசிரியர் வேறு, ஆட்டப் பயிற்சியாளர் வேறு என்ற பிரிவினை அதன் பின்னரே நம் நாட்டில் தெளிவாக ஏற்பட்டது. வகுப்பில் நாற்பது பேரும் ஆட வேண்டும் என்பது ஆசிரியரின் கவலை. நாற்பதில் ஒருவன் நாட்டுக்காக ஆட வேண்டும் என்பது பயிற்சியாளரின் கவலை. இரண்டும் நல்ல கவலைகளே; ஆனால் இரண்டுக்கும் ஒரே களத்தில் பயிற்சி பெற முடியாது. இவ்வேறுபாட்டை அறியாது, மாணவரை ஏதேனும் ஓரிடத்துக்கு அனுப்பினால் போதும் என்று எண்ணுவோர் இன்றும் உளர்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் சில வாரங்கள் உடற்கல்விப் பயிற்சி மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு வருவார்கள். முதல் வாரம் கற்பிக்க வேண்டா, பிள்ளைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டு பார்த்துக் கொண்டிருங்கள் என்று எங்கள் உடற்கல்வி ஆசிரியர் அவர்களிடம் சொல்லிவிடுவார். சிலருக்கு அது சலிப்பாக இருக்கும். ஓர் இளைஞர் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் அறைக்கு வந்தார். எட்டாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அவர்களுள் பதினொருவர் வாரம் முழுதும் ஒருமுறையேனும் பந்தைத் தொடவில்லை என்று பெயரோடு குறித்து வைத்திருந்தார். மைதானத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் வகுப்பு முழுதும் ஆடுவது போலவே தோன்றும், ஓடிக்கொண்டிருந்தவர் பன்னிருவர்தாம்.

அடுத்த வாரம் அவர் அவ்வகுப்பைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார். எங்களிடம் நல்ல நிலையில் இருந்தவை இரண்டே பந்துகள். ஆகவே இரு குழுக்களுக்கு வளையப்பந்தின் இரப்பர் வளையங்களைக் கொடுத்தார்; ஒரு குழுவைச் சடுகுடுவுக்கு அனுப்பினார். பதினொருவரில் எழுவர் ஆட்டத்துக்கு வந்துவிட்டனர். எஞ்சிய நால்வரைத் தனித்தனியே விசாரித்தார். ஒருவன் நாள்தோறும் காலையில் உண்ணாமல் வருகிறவன். ஒருவனுக்குப் பார்வைக் குறைவு. வகுப்பறையில் முதல் வரிசையில் அமர்ந்திருந்ததால் அது வெளிப்படவில்லை, பந்து முகத்தருகே வந்தபோதே வெளிப்பட்டது. கண் மருத்துவரிடம் காட்டிய பின் அவன் கண்ணாடியோடு வந்தான். மற்ற இருவரின் தயக்கத்துக்குக் காரணம் கண்டறியும் முன் அந்த இளைஞரின் பயிற்சிக்காலம் முடிந்துவிட்டது. அந்த நோட்டுப் புத்தகத்தை எங்கள் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுச் சென்றார்.

இதற்கு மாறானதையும் கண்டிருக்கிறேன். வேறொரு பள்ளியில், பெயர் இங்கே வேண்டுவதில்லை, பயிற்சி மாணவர் இருவர் முதல் நாள் தொட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டனர். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் கால் நட்டனர். கணக்கு ஆசிரியர் வராத நாளில் வகுப்பைச் சத்தமின்றிப் பார்த்துக் கொண்டனர். அவர்கள் பாடம் நடத்தியதை எவரும் நின்று பார்த்ததில்லை. இறுதி நாளில் பதிவேடு முழுவதிலும் ஒரே மையில் கையொப்பம் விழுந்தது. அவ்விருவரும் சான்றிதழ் பெற்றனர், வேலையும் பெற்றிருப்பர். அவர்கள் முன்னே நிற்கும் நாற்பது பேரில் யார் ஆடவில்லை என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியுமா என்பதே என் ஐயம்.

2014-ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பின்னர் பி.பி.எட். வகுப்பு ஈராண்டாக நீண்டது. களத்துக்குச் செல்லக் காலம் கூடிற்று என்று மகிழ்ந்தவருள் நானும் ஒருவன். நமது மாநிலத்தில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. செல்லும் இடங்களும் பெருகியுள்ளன. பள்ளி மட்டுமன்றி, விளையாட்டுப் பயிலகம், உடற்பயிற்சிக் கூடம், மாற்றுத்திறனாளி வீரர்களின் முகாம், காயமுற்ற வீரர் நலம் பெறும் நிலையம் எனப் பலவாறாகத் தொழில் விரிந்துவிட்டது. லிங் ஸ்டாக்ஹோமில் வகுத்த மூன்று வழிகள் இன்று முப்பதாகிவிட்டன. இடம் பெருகியது போல் உடனிருந்து பார்த்துத் திருத்துகின்றவர்களும் பெருகினார்களா என்றால், ஆம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இத்துறையில் புக விரும்பும் மாணவ மாணவியர் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: களப்பயிற்சிக்குப் பெயர் பெற்ற விளையாட்டரங்கைத் தேர்ந்தெடுப்பதா, ஊர்ப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதா? முதலில் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள் என்பேன். இரண்டு பந்தும் நாற்பது பிள்ளைகளும் உள்ள இடத்தில் வகுத்துக்கொள்ளும் உபாயங்கள் பிற்பாடு எங்கும் உதவும். ஆனால், உங்கள் வகுப்பை நின்று பார்க்கும் ஓர் ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள். பயிற்சியாளராக விழைவோர் பின்னர் விளையாட்டரங்குக்குச் செல்லட்டும். செல்லுமுன், ஒரு போட்டிப் பருவம் முழுவதும் அங்கே இருக்க இயலுமா என்பதையும் கேட்டுக் கொள்ளட்டும். பருவத்தின் நடுவே போய் நடுவே திரும்புகிறவர் வீரன் தேர்ச்சி பெறுவதையும் காண்பதில்லை. தோற்ற மறுநாள் காலையில் அவன் மைதானத்துக்கு வருகிறானா என்பதையும் காண்பதில்லை.